நூறு அடி குறைந்த பாலம்

பத்திரிகையில் எங்கள் ஊர்ப் பாலத்தின் நீளம் தப்பாக வந்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. முதல் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று போட்டார்கள். பேப்பர் வந்தபோது அக்கரைப் பக்கம் நூறு அடி இல்லை. பால்காரர் விளிம்புவரை போய்விட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

என் மனைவி பொற்கொடி அக்கரையில், கண்ணாஸ்பத்திரியில். முதல் நாள்தான் ஆபரேஷன். போனில் பேசினாள்.

“கட்டை அவுத்தா முதல்ல உங்க மூஞ்சிதான் தெரியணும். அதுவரைக்கும் அவுக்க விடமாட்டேன்.”

“நாப்பத்தோரு வருஷமா பாத்த மூஞ்சிதானே.”

“சரியாத் தெரியாமத்தானே நாப்பத்தோரு வருஷம் ஓட்டினேன்.”

டாக்டரும் அது நியாயம்தான் என்றாராம்.

பரிசல் கேட்டேன். பாலம் உள்ள ஊரில் பரிசல் விடக் கூடாது என்று உத்தரவு.

பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். செய்தி எழுதிய நிருபர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். “தப்பு என்னுதுதான் ஐயா” என்றார். அறுபது வருஷமாகப் பத்திரிகை படிக்கிறேன், இப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை. திருத்தம் போட சர்க்கார் தாள் வேண்டுமாம். இருவரும் பாலத்துக்கான அலுவலகத்துக்குப் போனோம்.

“நீளம் ரகசியம்மா,” என்றார் அதிகாரி. “தெரிஞ்சா எதிரி கடந்து வந்துருவான்.”

“எந்த எதிரி சார்?”

“அதுக்குத் தனியா மனு போடுங்க.”

நிருபர் இரண்டு மனுவும் போட்டார். முப்பதாம் நாள் பதில் வந்தது. நீளம் இருக்கிறது, தர இயலாது. எதிரியின் கோப்பைக் காணோம். மேல்முறையீடு செய்தார். மூன்று தடவை விசாரணை. கடைசியில் எதிரி இல்லை என்பது உறுதியானதால் நகல் கொடுத்தார்கள். 312, முத்திரையோடு.

ஆசிரியர் பயந்த ஆள். அரசு விளம்பரம் நின்றுவிடும் என்று திருத்தத்தை ஏழாம் பக்கத்தில், காய்கறி விலைக்குக் கீழே, பொடி எழுத்தில் போட்டார். நூறு அடியும் திரும்பி வந்தது, பொடி அளவில். எறும்புகள் போய்வந்தன. எனக்குக் கால் வைக்க இடமில்லை.

நிருபர் ஆசிரியரின் மேசை முன்னால் நின்றார். நானும் நின்றேன்.

“தப்பு வந்த இடத்துல, அதே எழுத்துல போடணும் சார்.”

“முதல் பக்கத்துல தப்பு போடலாம்மா. திருத்தம் போட்டா எவன் நம்மள நம்புவான்?”

“பாலம் நம்பும் சார்.”

“வேலை போயிடும்.”

“அங்க ஒரு அம்மா கண்ணுல கட்டோட உக்காந்திருக்காங்க.”

மறுநாள் முதல் பக்கம். அதே இடம், அதே எழுத்து. பாலம் முழுசாக நின்றது. நிருபர் டேப் வைத்து அளந்துகொண்டே முன்னால் போனார். நான் பின்னால் நடந்தேன். அன்று டாக்டர் லீவு. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கொண்டேன்.

காலையில் பேப்பர் பார்த்தேன். ‘முதியவர் சிரித்த முகத்துடன் பாலத்தைக் கடந்தார்’ என்று இருந்தது. எனக்குச் சிரிக்கிற பழக்கம் கிடையாது. ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். பல் தெரிந்தது. வாயை மூடப் பார்த்தேன், மூடவில்லை.

கட்டை அவிழ்த்தார்கள். பொற்கொடி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“யாருங்க நீங்க?”

பேப்பரை நீட்டினேன். படித்தாள்.

“இதுக்கும் திருத்தம் கேக்கப்போறீங்களா?”

“வேணாம். இப்பல்லாம் அவங்க அளக்காம எழுத மாட்டாங்க.”

“எவங்க?”

செய்திக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினேன். புதுக் கண்ணால், எழுத்துக்கூட்டாமல், சத்தமாகப் படித்தாள்.

“ஜெபராணி.”