நெற்றியோரத்து மை

பின்னலைப் பற்றிப் பேச வாய் திறந்தால் சுபோதினிக்கு நேரம் போவதே தெரியாது. வெள்ளவத்தையில் மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. அவள் கட்டிய பூஞ்சடை தாலிகட்டு முடிந்து, சாப்பாடு முடிந்து, கடற்கரையில் படமெடுத்து முடியும்வரை அசையாது. கழற்றிய பிறகு பெண்ணுக்குத் தலையும் வலிக்காது. முதலாவதைப் பலர் செய்வார்கள். இரண்டாவதுக்குத்தான் கை பழக வேண்டும்.

அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் அந்தச் சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்கு வந்திருந்தாள். அங்கே சலூன் வைத்திருக்கும் மாக்ரெட், வெள்ளை முக்காட்டுக்குப் பொருந்தக் கொண்டை போடுவதில் கெட்டிக்காரி. சைவப் பெண்கள் வந்து சடை கேட்டால்தான் கையைப் பிசைவாள். "எத்தன நாளைக்கு வாற கஸ்டமரை ஒங்ககிட்டயே அனுப்புறது? எங்க புள்ளைங்களுக்கும் கொஞ்சம் காட்டிக் குடுங்க மிஸ்" என்று கேட்டிருந்தாள். சலூன் பெண்களும் அக்கம்பக்கத்துத் தாய்மாரும் பிளாஸ்டிக் கதிரைகளில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். மாக்ரெட்டின் மருமகள் றஷ்மி வீடியோ எடுப்பதற்குப் போனை ஸ்டாண்டில் பொருத்திக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு முன்னால் இருந்த கதிரையில், மடியில் கைகளைக் கோத்தபடி, சுபோதினியின் மகள் தனுஷியா. பதின்மூன்று வயது. தலைமயிர் இடுப்புக்குக் கீழே இறங்கும்.

காலையில் ஓட்டோவில் வரும்போதே அவள் ஒரு மாதிரித்தான் இருந்தாள்.

"அம்மா, றஷ்மி அக்காவின்ர தலையில செய்து காட்டுங்கோவன்."

"அவவின்ர தலைமயிர் தோளோட நிக்குது. அதில என்னத்தைப் பின்னுறது, எலிவாலோ? உன்ர தலைதானடி என்ர கடையின்ர பெயர்ப்பலகை."

பிள்ளை சிரிக்கவில்லை. வெட்கமாக்கும் என்று தாய் விட்டுவிட்டாள்.

வகுப்பு நன்றாகத்தான் தொடங்கியது.

"மூண்டு பிரி. ஓரத்தில இருக்கிறது நடுவுக்கு வரும். பிறகு மற்ற ஓரம் நடுவுக்கு வரும். அவ்வளவுதான் பின்னல். இதில ஒரு முடிச்சும் இல்லை, கவனிச்சீங்களோ? முடிச்சில்லாமல் எப்பிடி நிக்குது? ஒவ்வொரு பிரியும் மற்ற ரெண்டையும் மிதிச்சுக்கொண்டு நிக்குது. அப்ப இறுக்கம் எங்க இருக்க வேணும்? பிரிக்கும் பிரிக்கும் இடையில. வேரில இல்லை."

முன்வரிசையில் இருந்த ஒருத்தி தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு உற்றுப் பார்த்தாள். சுபோதினிக்கு உற்சாகம் கூடியது. உச்சியில் வைக்கும் நகையான சடைநாகத்தைக் கையில் எடுத்துக் காட்டினாள். கீழே தொங்கும் குஞ்சம், இடையில் சுற்றும் மல்லிகைச் சரம் எல்லாவற்றின் பாரத்தையும் கடைசியில் சுமப்பது தோலுக்குள் இருக்கிற சின்னஞ்சிறு வேர்கள்தான் என்றாள். பாரத்தைப் பின்தலை முழுவதற்கும் பகிர்ந்து கொண்டையூசி குத்தவேண்டும். முன் நெற்றியோரத்து மயிர் மெல்லியது, அதன்மேல் ஒருபோதும் பாரம் ஏற்றக்கூடாது.

"இழுத்தால் வேருக்குச் சொல்லத் தெரியாது. பேசாமல் விட்டிட்டுப் போயிடும். முதல் பிரி எடுக்கேக்க ஒரு விரல் நுழையிற அளவுக்கு இளக்கம் இருக்க வேணும். இஞ்ச பாருங்கோ."

காட்டுவதற்காக மகளின் இடது நெற்றியோரத்தில் விரலை நுழைத்தாள். வெளியே எடுத்த விரல் கறுப்பாக இருந்தது.

தன் கையில் ஒட்டியிருந்த மைதான் பட்டுவிட்டதாக்கும் என்று நினைத்தாள். மேசையில் இருந்த ஈரப்பஞ்சை எடுத்து, பேசிக்கொண்டே, பிள்ளையின் நெற்றியோரத்தைத் துடைத்தாள்.

"அம்மா, வேண்டாம்" என்றாள் தனுஷியா. மிக மெதுவாக.

மை போய்விட்டது. மையோடு மயிரும் போய்விட்டதுபோல் இருந்தது. காதுக்கு மேலே தொடங்கி நெற்றி மூலைவரை வெறும் தோல். அங்கங்கே பூனைமயிர்போல் சில முளைகள். புருவப் பென்சிலால் ஒவ்வொரு கோடாக, மயிர் மாதிரியே, பொறுமையாகக் கீறியிருந்தாள் பிள்ளை.

அது என்ன என்று சுபோதினிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவளே விளக்கியது அது.

மணப்பெண்ணின் தலை அவளுக்குத் தொழில். மகளின் தலை விடியற்காலை வேலை, அடுப்பில் கறி கொதிப்பதுபோல. அரைவெளிச்சத்தில், பின்னால் நின்று, வாயில் ரிபனைக் கவ்விக்கொண்டு, ஸ்கூல்வான் ஹோர்ன் அடிக்குமுன் முடிக்க வேண்டும். பம்பலப்பிட்டியில் பிள்ளை படிக்கும் பாடசாலையில் இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டவேண்டும், ஒரு மயிர் வெளியே நிற்கக்கூடாது. வாசலில் மாணவத்தலைவிகள் நின்று பார்ப்பார்கள். "பின்னினால் தனுஷியா மாதிரிப் பின்ன வேணும்" என்று ஒரு ரீச்சர் சொன்னதை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். பின்னி முடிக்கும்போது பிள்ளையின் புருவம் சற்று மேலே ஏறியிருந்தால்தான் அவளுக்குத் திருப்தி. முழுகின நாளில் ஈரத்தோடேயே பின்னிவிடுவாள். ஈரமயிர் இழுபட்டு நீளும். காயக் காயச் சுருங்கும். அப்படியென்றால் கணக்குப் பாடத்திலும் சங்கீதப் பாடத்திலும் இன்டர்வெல்லிலும் அந்தப் பின்னல் தானாகவே இறுகிக்கொண்டு இருந்திருக்கிறது. இதுவும் அவளுக்குத் தெரிந்த விஷயந்தான். மணப்பெண்களின் தாய்மாருக்கு எச்சரிக்கையாகச் சொல்லுகிற விஷயம்.

"நோகுது அம்மா" என்று பிள்ளை முன்பெல்லாம் சொல்வாள். "வடிவு வேணுமெண்டால் நோகத்தான் செய்யும்" என்பாள் இவள். பிறகு எப்போதோ பிள்ளை சொல்வதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது என்றுதான் தாய் நினைத்தாள்.

சலூனில் எல்லோருடைய கண்ணும் பிள்ளையின் நெற்றியில் இருந்தது. மாக்ரெட்தான் முதலில் வாய் திறந்தாள். நல்ல மனதோடு, ஒரு கதவைத் திறந்து விடுகிறவள்போல.

"என்ன மிஸ், புள்ளைக்குச் சொகமில்லாம கிடந்திச்சா?"

"ஓம்" என்றாள் சுபோதினி. "டெங்கு வந்தது."

கண்ணாடியில் தனுஷியா தாயைப் பார்த்தாள். தாய் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"ஓம் அன்ரி" என்றாள் பிள்ளை மாக்ரெட்டிடம். "டெங்குவால கொட்டினது."

தாய்க்காகப் பொய் சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. எவ்வளவு நாட்களாகப் பழகியிருந்தால் அது அவ்வளவு சுலபமாக வரும்! சுபோதினிக்கு அது உறைத்தது. ஆனாலும் கை மறுபடி பிரி எடுத்தது. தப்பிவிட்டோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் சுதர்சினி. வந்ததிலிருந்து ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தவள்.

"அக்கா, என்ர மகளுக்கும் டெங்கு வந்தது. சீப்பு வைச்சால் கொத்துக் கொத்தாய்க் கழருது. ஸ்கூலுக்குப் போகமாட்டன் எண்டு அழுறாள். உங்கட பிள்ளைக்கு என்ன பூசினீங்கள்? எவ்வளவு காலம் எடுத்தது?" போனைத் திறந்து, எழுதிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

என்ன சொல்வது? காய்ச்சலால் கொட்டுகிற மயிர் தலை முழுக்கக் கொட்டும்; உடம்பு தேறத் தேறத் தானாக முளைக்கும். இழுத்துப் போன மயிர் அப்படியல்ல. இழுப்பதை நிறுத்தினால் முளைக்கலாம். நிறுத்தாவிட்டால் வேரே செத்துப்போகும். இந்த வெறுந்தோலைக் காட்டி ஏதாவது சொன்னால், அந்தத் தாய் தன் மகளின் தலையிலும் இப்படி வரும் என்று பயந்து கண்ட எண்ணெயையும் பூசத் தொடங்குவாள்.

"தங்கச்சி, உங்கட பிள்ளைக்கு ஒண்டும் பூச வேண்டாம். அது தானாய் வரும்." சுபோதினி சீப்பை மேசையில் வைத்தாள். "இவளுக்கு டெங்கு வரேல்லை. இது நான் இழுத்துப் பின்னினதால போனது. ஒவ்வொரு நாளும்."

சொன்னதோடு நிறுத்தாமல், பழக்கத்தில், அவள் விளக்கத் தொடங்கினாள். "பாருங்கோ, கழுத்துப் பக்கம் ஒண்டுமில்லை. இழுவை விழுகிற இடத்தில மட்டும்தான் போயிருக்குது. இந்த மூலையில..." விரல் மகளின் நெற்றியைத் தொட்டுக் காட்டியது. கதிரைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தனுஷியா எழுந்தாள். அவிழ்ந்த தலையோடு, சடைநாகத்தைத் தட்டிவிட்டு, வெளியே போய்விட்டாள்.

றஷ்மி ஸ்டாண்டிலிருந்து போனைக் கழற்றினாள். "நான் டிலீட் பண்ணிர்றேன் அக்கா" என்றாள், சுபோதினியின் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ் கோட்டையைத் தாண்டியது. பிள்ளை சால்வையைத் தலையில் போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள்.

"நானும் டெங்கு எண்டுதானே சொன்னனான்" என்றாள் திடீரென்று. "பிறகேன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"பொய் சொல்லக் கூடாதெண்டுதான்..."

"உண்மையைச் சொல்லுறதெண்டால் உங்களைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். என்ர தலையைக் காட்டிச் சொன்னனீங்கள்."

ஒப்புக்கொண்டதில் தன் பாரம் கொஞ்சமாவது குறைந்திருந்தது என்று அதுவரை சுபோதினி நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் ரிபனோடு அறைக்குள் போனபோது தனுஷியா கண்ணாடிக்கு முன்னால் தானே பின்னிக்கொண்டிருந்தாள். வகிடு கோணல். ஒரு பின்னல் மற்றதைவிட உயரத்தில் தொடங்கியது. மூன்று பிரியும் ஒரே பருமனாக இல்லை. சுபோதினியின் விரல்கள் தாமாகவே நீண்டன. மடக்கிக்கொண்டாள்.

"ரிபனை மட்டும் கட்டி விடட்டோ?"

பிள்ளை கண்ணாடியில் யோசித்தாள். "வேண்டாம். வைச்சிட்டுப் போங்கோ."

அன்று ஸ்கூல்வானில் அனுப்பாமல் சுபோதினியே கூட்டிக்கொண்டு போனாள். பாடசாலை வாசலுக்கு எதிர்ப்பக்கமே நிற்கச் சொல்லிவிட்டு தனுஷியா காலிக்குப் போகும் பெருவீதியைக் கடந்தாள். வாசலில் ஒரு மாணவத்தலைவி அவளை மறித்து, கோணல் பின்னலைச் சுட்டிக் காட்டினாள். சுபோதினிக்கு ஓடிப்போய் விளக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு காலை வீதியில் வைத்தும்விட்டாள். அங்கே போய் எதைக் காட்டி விளக்குவது என்று நினைத்ததும் நின்றாள்.

தனுஷியா நெற்றியோரத்தைத் தொட்டு ஏதோ சொன்னாள். தலைவி குனிந்து பார்த்து, வழிவிட்டாள்.

டெங்கு என்று சொன்னாளோ, அம்மா என்று சொன்னாளோ. நடுவில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை தனக்கு இன்னும் இல்லை என்பது மட்டும் சுபோதினிக்கு விளங்கியது.