பசை இல்லாத வளைவு

1

இந்தக் கதை ஒரு கண்காட்சிக் குறிப்பில் மிஞ்சியது. சிற்பி ஒருத்தி தன் புதுப் படைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ரோமாபுரியப் பத்தி எல்லாம் இருக்கு சார், என் வளைவுதான் இல்ல" என்றாள். பிறகு வேறு யாரையோ வைத்து எழுதிக்கொண்டாள். எனக்கு ரோஷம் வந்தது. ரோஷத்தில் எழுதும் கதைகள் சுமாராகத்தான் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் ஒரு கொத்தனார் வானத்தைப் பார்த்து..." (வேலை நேரத்தில் கொத்தனார் எதற்கு வானத்தைப் பார்க்கிறார்? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "வளைவு என்பது மனித மனத்தின்..." (வேண்டாம்.)

மூன்றாவது சாதாரணமானது. சிற்பி வாடகைக்கு எடுத்திருந்த கார் ஷெட்டில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு வளைவு எழுந்திருந்தது. ரோமர்கள் காரையில் ஓட்டுச்சில்லைக் கலந்தார்கள் என்று படித்தவள், தன் காரையில் உடைந்த பீங்கான், எக்ஸ்ரே படம், கிழிந்த சட்டை என்று வீட்டில் கழித்துப் போட்டதையெல்லாம் கலந்து கற்களாக வார்த்திருந்தாள். அவற்றை ஓர் அரைவட்ட மரச்சட்டம் தாங்கியது. கட்டட வேலையில் சென்ட்ரிங் என்பார்கள். உச்சிக்கல் உட்கார்ந்ததும், சட்டத்தைத் தாங்கும் முட்டுக்கட்டைகளின் அடியில் செருகிய ஆப்பைத் தட்டி அதை இறக்கிவிட வேண்டும். பசை கிடையாது, கம்பி கிடையாது. கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே நிற்க வேண்டும். ரோமர்கள் பல வளைவுகளை அப்படித்தான் நிறுத்தினார்கள். அவளுக்கு வேண்டியதும் அது ஒன்றுதான்.

3

அக்காவை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சிற்பியின் அக்கா தையல்காரி. தங்கை கலை படிக்கப் போனபோது வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள, கூட நின்றவர் அவர் ஒருவர்தான். (இங்கே வாசகர், "அப்படியானால் அக்காதான் அந்த மரச்சட்டம்" என்று சொல்லத் துடிப்பார். நானும் எழுதிப் பார்த்தேன். அக்கா அக்காதான்; அடித்துவிட்டேன்.)

கண்காட்சிக்கு முந்தின நாள், தங்கை சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அக்கா கற்களின் இடுக்கிலெல்லாம் பசையை ஊற்றிவிட்டார். தையல் போடாமல் எதையும் கையை விட்டு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை.

அன்பா, அவநம்பிக்கையா? முதல் பிரதியில் அன்பு என்று எழுதினேன். இரண்டாவதில் மாற்றினேன். இப்போது பார்த்தால் அவருக்கே தெரிந்திருக்காது என்று தோன்றுகிறது.

4

தங்கை திரும்பி வந்தபோது பசை வழிந்து மரச்சட்டத்திலும் இறுகியிருந்தது.

"என்னக்கா பண்ணி வச்சிருக்க?"

"நாளைக்கு நாலு பேர் முன்னாடி விழுந்துட்டா மானம் போயிடும்டி."

"இப்ப சட்டத்தை இறக்கினா கல்லும் சேர்ந்து வந்துடும்."

"அப்ப சட்டம் அப்படியே இருக்கட்டும். யாரு கவனிச்சுப் பாக்கப் போறா?"

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

"விழுந்தாலும் உன் பசையாலதான், நின்னாலும் உன் பசையாலதான். இதுல நான் கட்டினது எது அக்கா?"

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. தையல் பிரிக்கும் சின்னக் கத்தியைப் பையிலிருந்து எடுத்தார். முட்டுக்கட்டைகளுக்கு நடுவே புகுந்து நின்று, சட்டத்தில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

5

முடிவுகள்.

(அ) ஆப்பைத் தட்டுகிறாள். வளைவு நிற்கிறது. சகோதரிகள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

(ஆ) சரிகிறது. இடிபாட்டையே காட்சிக்கு வைக்கிறார்கள். ரோமாபுரியில் மிச்சமிருப்பதும் பாதி இதுதானே என்று விமர்சகர்கள் மெச்சுகிறார்கள். வெறும் கெட்டிக்காரத்தனம்.

(இ) சட்டத்தோடேயே காட்சிக்கு வைக்கிறார்கள். ஒருவரும் கவனித்துப் பார்ப்பதில்லை. அவள் மட்டும் ஒவ்வொரு நாளும்...

இல்லை. என் குறிப்பைத் திருப்பிக் கொடுத்தவள்தான், ஆனாலும் இந்த முடிவை அவள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

நான் எழுதியது இவ்வளவுதான்: தங்கை சுத்தியலைக் கையில் எடுத்தாள்.

"வெளிய வாக்கா."

"மாட்டேன். தட்டு."

"பசை இன்னும் முழுசா போகல."

"தெரியும். நீ கட்டினதுதானே, தட்டுடி."

அக்கா வளைவுக்கு அடியில் நிற்கும்போது அடுத்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் எழுதுங்கள்.