அபிநயா கொடுத்த காய்கள்

அபிநயா சதுரங்கப் போட்டியில் முதன்முதலாகக் குதிரையைப் பலி கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா கிருஷ்ணவேணிக்குக் குரல் நின்றுபோனது. "பார்டரைப் பாருங்கம்மா" என்பதில் பாதிதான் வந்தது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். கடையில் அவரைப் புடவை மடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அபிநயாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. மாநிலக் கோப்பையோடு வீட்டுக்கு வந்தாள்.

அவள் ஆட்டம் அப்படிப்பட்டது. மற்றவர்கள் காய்களைக் காப்பாற்றிக்கொண்டே போவார்கள். இவள் முதல் இருபது நகர்த்தல்வரை தூங்குகிறவள் போல உட்கார்ந்திருந்துவிட்டு, திடீரென்று ஒரு காயைக் கொண்டுபோய் எதிராளியின் வாயில் வைப்பாள். தின்னாமல் இருக்க யாராலும் முடியாது. தின்ற பதினைந்தாவது நகர்த்தலில் அவர்கள் ராஜா மூலையில் மூச்சுவிட இடமில்லாமல் நிற்கும். சிப்பாயைக் கொடுத்தால் பக்கத்து வீட்டில் யாருக்காவது ஒருநாள் தொண்டை கட்டும், கஷாயத்தில் சரியாகிவிடும். பெரிய காய் என்றால்தான் வீட்டுக்குள் வரும். பதினெட்டு வயதில் ஆசியப் போட்டியில் யானையைக் கொடுத்தாள். சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படித்த அண்ணன் வேல்முருகன் ஊமையானான்.

டவுன் பஸ் கண்டக்டரான அப்பா தேவேந்திரன், ஆட்டம் நடந்த நேரத்தையும் வீட்டில் குரல் போன நேரத்தையும் ஒத்துப்பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப்பின் நான்கு வருடம் அபிநயா பெரிய காய் எதையும் கொடுக்காமல் ஆடினாள். பெரும்பாலும் டிரா. அவள் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனாலும் அரை அரைப் புள்ளியாகச் சேர்த்து உலகப் பட்டத்துக்கு ஆடும் இடம்வரை வந்துவிட்டாள். அங்கேயும் பதின்மூன்று ஆட்டம் டிரா. கடைசி ஆட்டத்தன்று காலை தேவேந்திரன் போன் செய்தார்.

"அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எதனால ஆச்சுன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்பா. அம்மாவுக்கு ஆனப்பவே தெரியும்."

"அப்புறம் ஏம்மா யானையைக் குடுத்தே?"

"ஜெயிக்க வேற வழி இல்லப்பா. இன்னிக்கும் இருக்காது. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, தோத்துட்டு வந்துடறேன்."

தேவேந்திரன் போனைக் காதில் வைத்தபடி நின்றார். மனைவியும் மகனும் எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவருக்குக் குரல் இருந்தது.

"சரிப்பா, வெச்சிடறேன்" என்றாள் அபிநயா.

மாலை, பஸ் ரங்கசாமி குளம் நிறுத்தத்தில் நின்று புறப்படும்போது "ரைட்" சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. ராணியைக் கொடுத்துவிட்டாள் என்று புரிந்தது. விசிலை எடுத்து ஊதினார். செவிலிமேடு சேர்வதற்குள் போனில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து கத்தினார்: "கண்டக்டர் சார், உங்க பொண்ணு ஜெயிச்சிடுச்சு!" பஸ் முழுக்கக் கைதட்டியது.

அபிநயா ஊர் திரும்பியதும் குடும்பமே திறந்த ஜீப்பில் ராஜவீதிகளைச் சுற்றிவந்தது. நிருபர் ஒருவர் மைக்கை நீட்டினார். தேவேந்திரன் உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு அழுதார். மகிழ்ச்சியில் தந்தைக்குப் பேச்சே வரவில்லை என்று மறுநாள் படத்தோடு போட்டார்கள்.

வீட்டில் இப்போது அபிநயா ஒருத்திதான் பேசுகிறாள். சாப்பிடும்போது அவளே கேட்டு அவளே பதில் சொல்லிக்கொள்கிறாள். பட்டத்தைத் தக்கவைக்கும் போட்டிக்குத் தேதி வந்ததும் தெருக்காரர்கள் வாழ்த்து பேனர் கட்டினார்கள். அவள் ஆடும் நாட்களில் தொண்டை கட்டிக் கஷாயம் குடித்த அந்தத் தெருவுக்கு, அந்த வீட்டில் கொடுக்க இனி ஆள் இல்லை என்பது தெரிந்திருந்தது. பேனரைக் கட்டிய கையோடு, பெண் கேட்க வேண்டியவர்கள் போய்க் கேட்டார்கள். பத்து வருடமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் வாசலில் நின்று பேசினார்கள். அவரவர் சொல்ல வேண்டியதைத் தேதிக்கு முன்பே சொல்லி முடித்துக்கொண்டார்கள்.