ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யாத ஊர்

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறேன். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு ஆவண வகுப்பு. பழைய பதிவேடுகளின் படங்களைத் திரையில் பார்த்து, உள்ளதை உள்ளபடி தட்டச்சு செய்து, திறந்த ஆவணக் காப்பகத்தில் ஏற்றுவோம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

எனக்குக் கிடைத்தது ஒரு நீரேற்று நிலையத்தின் மழைப் பதிவேடு. பதினோரு வருடம், நாளுக்கு ஒரு கட்டம். நான்கு மாதத்தில் முடித்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை சரிபார்த்தேன். இரண்டு முறை போதும் என்று ஆசிரியை சொன்னார். அதை நோட்டில் குறித்துக்கொண்டு மூன்றாவது முறையும் பார்த்தேன்.

ஒவ்வொரு பதிவேட்டின் கீழும் அதைப் பயன்படுத்துகிறவர்களின் பட்டியல் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அதைத் திறந்து பார்ப்பது என் கெட்ட பழக்கம். தவளைகள் எந்த மாதத்தில் கத்தத் தொடங்கின என்று ஆராய்பவர் ஒருவர். குடை வியாபாரத்தின் வரலாற்றை எழுதுகிறவர் ஒருவர். ஒரு கால்பந்துக் கழகத்தின் நூற்றாண்டு மலருக்காகத் தகவல் சேர்க்கும் தபால்காரர். பழைய மை எப்படி மங்குகிறது என்று மட்டும் பார்க்கிற வேதியியல்காரர். அவருக்கு மழையைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை. ஒரே ஏட்டை இத்தனை பேர் இத்தனை பக்கம் இழுப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நான் வெறுமனே தட்டச்சு செய்தவன்தான் என்று உடனே நினைவுபடுத்திக்கொள்வேன்.

திங்கட்கிழமை பட்டியலில் நாற்பத்து நான்காவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. முனைவர் பட்ட மாணவி ஒருவர். ஆய்வேட்டின் ஐந்தாம் இயலின் தலைப்பு: ஞாயிற்றுக்கிழமைகளில் மழை ஏன் பெய்யவில்லை? வாய்மொழித் தேர்வு வருகிற சனிக்கிழமை.

இயலைத் திறந்து படித்தேன். ஞாயிறன்று ஆலைகளுக்கு விடுமுறை. புகை இல்லை. புகைத்துகள் இல்லாததால் மேகம் மழையாகத் திரளவில்லை. வரைபடங்கள் அழகாக இருந்தன.

ஏட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் காலியாக இருந்தன. காப்பகத்தின் படிவம் காலிக் கட்டத்தை ஏற்காது, சிவப்பாகக் கத்தும். அதனால் பூஜ்யம் போட்டேன். நோட்டில் 'விதி 7: காலி என்றால் மழை இல்லை' என்று எழுதி இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். இப்போது மூலப் படங்களை மறுபடி பார்த்தேன். மழை இல்லாத மற்ற நாட்களில் அளந்தவர் தம் கையாலேயே பூஜ்யம் எழுதியிருந்தார். ஞாயிறன்று அவருக்கு விடுமுறை. இரண்டு நாள் மழையையும் சேர்த்துத் திங்கட்கிழமை அளந்திருக்கிறார். மாதக் கூட்டுத்தொகை மாறாது. மூன்று முறை பார்த்தும் நான் பிடிக்காததற்கு அதுதான் காரணம். அல்லது நான் மடையன் என்பது காரணம்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை செய்யும் அக்கா, மாலையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"ஏன்டா கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்க?"

"ஒரு ஊர்ல பதினோரு வருஷம் ஞாயித்துக்கெழமை மழையை நிறுத்திட்டேன்க்கா."

"நல்லதுதானே. துணி காயும்."

முழுவதையும் சொன்னேன். செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. கூட்டுத்தொகை சரியா வருது."

"சனிக்கிழமை எவனாவது ஒருத்தன் கேட்டா அவ திருதிருன்னு முழிப்பா. நீ இங்க நகத்தைக் கடிச்சுட்டு இருப்ப. போன் பண்ணு."

"திருத்தம் போட்டா என் பேரு பக்கத்துல அது நிரந்தரமா நிக்கும்க்கா. அழிக்கவே முடியாது."

"நிக்கட்டுமே. உன் பேரு வேற எங்கடா நிக்குது?"

செவ்வாய் காலை, சொல்ல வேண்டியவற்றை ஆறு குறிப்புகளாக எழுதி வைத்துக்கொண்டு, பட்டியலில் இருந்த எண்ணில் மாணவியை அழைத்தேன். இரண்டாவது குறிப்பிலேயே அவர் குறுக்கிட்டார்.

"நீங்களா? நன்றியுரையில முதல் வரியே உங்களுக்குத்தான்."

"அந்த வரியை எடுத்துடுங்க."

மீதி நான்கு குறிப்புகளையும் வேகமாகப் படித்தேன்.

"அப்ப என் புகை?"

"புகை இல்லைங்க."

"எட்டு மாசம் எழுதினேன் அந்த இயலை. மூலப் படங்களை நானும் பார்த்திருக்கணும். உங்க தட்டச்சு அவ்வளவு சுத்தமா இருந்துச்சு, பார்க்கத் தோணல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாலை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஆசிரியை கோபிக்கவில்லை, படிவத்தில் 'அளக்கவில்லை' என்று ஒரு தேர்வு வேண்டும் என்று காப்பகத்துக்கு அப்போதே எழுதி, ஒரு மணி நேரத்தில் அதை வாங்கியும் விட்டார். திருத்த வேண்டியவை ஐந்நூற்று எழுபத்து நான்கு ஞாயிறுகள். வியாழக்கிழமைக்குள் தனியாக முடித்துவிடுவேன் என்றேன்.

"பதினோரு வருஷம், இங்க பதினோரு பேரு இருக்கோம். ஆளுக்கு ஒண்ணு எடுத்தா ஆச்சு," என்றார் பின்வரிசையில் உட்காரும் பஸ் டிரைவர். "எனக்கு லீப் வருஷம் வேணாம்."

நடுவில், காலையில் நான் போனில் சொல்லியிருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கதவைத் தட்டிக்கொண்டு மாணவியே வந்தார். கையில் மடிக்கணினி, தலை கலைந்திருந்தது.

"நீங்கதான் புகையா?" என்றார் டிரைவர்.

"ஆமா. அணைஞ்சு போன புகை."

எட்டரைக்குள் முடிந்தது. கடைசியில் திருத்தக் குறிப்பு எழுத வேண்டும். 'படிவத்தின் குறைபாட்டினால்' என்று ஆரம்பித்தேன். சப்பைக்கட்டாகத் தெரிந்தது. அழித்துவிட்டு, 'காலிக் கட்டங்களைப் பூஜ்யம் என்று பதித்தேன். தவறு என்னுடையது' என்று எழுதினேன். பொத்தானை அழுத்தியதும் நாற்பத்து நான்கு பேருக்கும் தகவல் போனது.

புதன்கிழமை கடையில் வேலை ஓடவில்லை. பதில்கள் வந்துகொண்டே இருந்தன. தவளைக்காரர், தவளைகளுக்குக் கிழமை தெரியாது, தமக்குப் பாதிப்பில்லை என்றார். குடைக்காரர், இரண்டாம் பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டும், நன்றி சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். வேதியியல்காரர், மை நன்றாக இருக்கிறதல்லவா என்று மட்டும் கேட்டார்.

தபால்காரரின் பதில் நீளமாக இருந்தது. அந்தப் பதினோரு வருடத்தில் பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் மழையால் நின்றதாகப் பழைய பத்திரிகைகளில் பார்த்திருக்கிறார். என் ஏட்டில் பூஜ்யம். பத்திரிகைக்காரர்கள்தான் புளுகுகிறார்கள் என்று முடிவுகட்டி, மலரில் அவர்களை விளாசி ஒரு பத்தி எழுதியிருக்கிறார். 'நல்லவேளை, இன்னும் அச்சுக்குப் போகவில்லை. பத்தொன்பது செய்திகளின் படங்களும் இதே காப்பகத்தில் இருக்கின்றன. எண்கள் கீழே' என்று முடித்திருந்தார்.

அதை அப்படியே மாணவிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"இது போதுங்க. ஞாயித்துக்கெழமை மழை பேஞ்சதுக்குச் சாட்சி. ஏட்டுல விட்ட இடத்தை வேற வகை ஆவணம் எப்படிப் பிடிச்சுக் குடுக்குதுன்னு எழுதிடுவேன்."

"ரெண்டு நாள்லயா?"

"எட்டுப் பக்கம் போதும். பழைய அறுபதை விட நல்லா வரும்."

சனிக்கிழமை முதலாளியிடம் மூன்று மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகம் போனேன். வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வந்து உட்காரலாம் என்று மாணவிதான் சொல்லியிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மூன்று தேர்வாளர்கள். நடுவில் இருந்தவர் ஐந்தாம் இயலை விரலால் தட்டினார்.

"போன வாரம் வந்த பிரதியில இந்த ஊர்ல ஞாயித்துக்கெழமை மழையே இல்ல. இப்ப இருக்கு. எதை நம்புறது?"

"எதையும் நம்ப வேண்டாம் சார்," என்று மாணவி மூலப் படத்தைத் திரையில் விரித்தார். பக்கத்தில் திருத்தக் குறிப்பு. என் பெயர் சுவரளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. நான் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தப்பு எங்க நடந்தது, யார் சொன்னாங்க, எப்படித் திருத்தினோம், எல்லாம் இங்க இருக்கு. இது இல்லாட்டி இன்னிக்கு நான் புகையைப் பத்திப் பேசிட்டு இருந்திருப்பேன்."

தேர்வாளர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆறாம் இயலுக்குப் போய்விட்டார்.

நாற்பது நிமிடம் கழித்து முடிவு சொன்னார்கள். தேர்ச்சி. ஐந்தாம் இயலை மட்டும் மூன்று மாதத்தில் விரிவாக்கித் தர வேண்டும்.

நடைபாதையில் மாணவி நின்றபடியே ஒரு பன்னைத் தின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லையாம்.

"பக்கத்து ஊர் நீரேற்று நிலையத்துக்கும் ஒரு ஏடு இருக்கு," என்றார் வாய் நிறைய. "யாரும் இன்னும் தொடல. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு அது வேணும்."

"என்கிட்டயா கேக்குறீங்க?"

"வேற யாருகிட்ட? தப்பைத் தேடி வந்து சொல்ற ஆளு எனக்கு ஒருத்தரைத்தான் தெரியும்."

வேறு நல்ல ஆட்கள் வகுப்பில் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏட்டின் எண்ணைப் பன் சுற்றியிருந்த காகிதத்தில் எழுதி நீட்டினார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு ஒருவர் கண்ணாடி வாங்க வருவதாக இருந்தது. படிகளில் இரண்டிரண்டாக இறங்கினேன்.