லேப்காரன் கெடுத்த படம்

நாற்காலியின் முதுகோடு செண்பகவல்லியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டுப் பேராச்சி. உடம்பு நின்றது, தலை மட்டும் இடப்பக்கம் சாய்ந்தது. செத்தவர்களை உட்காரவைத்து, மாலை போட்டுப் படம் எடுக்காமல் அந்தத் தாராவிச் சந்தில் யாரையும் தூக்குவதில்லை. எடுப்பவன் எப்போதும் நம்பிராஜன்தான். இன்று செத்தவள் அவன் பெண்டாட்டி.

"ஊரான் வீட்டுக் கல்யாணம் அம்புட்டையும் எடுத்தியேல. இவ மூஞ்சி ஒண்ணுகூடவா இல்ல?" என்றாள் பேராச்சி.

"பொங்கலுக்கு எடுத்தாருல்லா அத்தான்," என்றான் சுனாபட்டியிலிருந்து ஓடிவந்திருந்த மச்சினன் இசக்கிப்பாண்டி. "பிலிம் கழுவுற லேப்காரன் கெடுத்துப்புட்டான். எங்கக்கா சாகுறமுட்டும் அவன ஏசினா. அவன் கை வெளங்குமா?"

நம்பிராஜன் குனிந்து கேமரா உறையைத் திறந்தான். லேப்காரன் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

நம்பிராஜனுடையது சோர் பஜாரில் வாங்கிய பழைய ஜெர்மன் கேமரா. பார்ப்பது மேலே ஒரு குட்டிச் சன்னல் வழியாக. படம் விழுவது கீழே லென்ஸ் வழியாக. சன்னலில் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகி ஒன்றாக்க வேண்டும். லென்ஸ் வழியாகவே பார்க்கிற புது ஜப்பான் கேமரா ஒன்றை வாங்கித் தருகிறேன் என்று, துறைமுக டாக்கில் வேலை பார்க்கும் மச்சினன் மன்றாடினான். "அது குருடனுக்குக் கோலு மாப்ள. எனக்குக் கண்ணு இருக்கு," என்று கிண்டலடித்தான் இவன்.

அந்த வாய்க்கொழுப்பு பொங்கலன்று பழிவாங்கியது. கல்யாணச் சேலை கட்டி, பவுடர் போட்டு, வெயிலில் அவள் நின்ற நேரம் முழுக்க லென்ஸில் மூடி இருந்தது. சன்னலில் பளிச்சென்றுதான் தெரிந்தாள். கேமராவை உறையில் போடும்போதுதான் மூடியைப் பார்த்தான். அதற்குள் அவள் சேலை மாற்றியிருந்தாள். மச்சினன் வேறு சாப்பிட வந்து உட்கார்ந்திருந்தான். சொன்னால் சிரிப்பானே என்று, லேப்காரன் மேல் பழியைப் போட்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். "இன்னொண்ணு எடுங்களேன்," என்று அவள் கேட்டபோதெல்லாம், கல்யாண சீசன் முடியட்டும் என்றான். மஞ்சள்காமாலை அதுவரை காத்திருக்கவில்லை.

"நேரமாவுது, எடுங்க அத்தான்," என்று அக்காவின் பக்கத்தில் போய் நின்றான் இசக்கிப்பாண்டி.

சன்னலுக்குள் இரண்டு செண்பகவல்லிகள். கண்ணீரில் இரண்டும் ஒன்று சேரவே மறுத்தன. துடைத்துவிட்டுத் திருகினான். சேர்ந்தன. விரல் பொத்தானுக்குப் போனது.

"அத்தான், மூடி."

நம்பிராஜன் கழற்றினான். இசக்கிப்பாண்டி மூடியைப் பார்த்தான், பிறகு அவன் முகத்தைப் பார்த்தான்.

"பொங்கலுக்கும் இப்படித்தானா?"

"ஒனக்கு முன்னால சொல்ல வெக்கமா இருந்துச்சு மாப்ள."

அழுதுகொண்டிருந்த பேராச்சி நிமிர்ந்து பார்த்தாள். இசக்கிப்பாண்டி நாற்காலிக்குப் பின்னால் போய்க் குந்தி, சாய்ந்த தலையை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தான்.

"எடுங்க," என்றான். அத்தான் என்று சொல்லவில்லை.

சன்னலில் செண்பகவல்லியின் கன்னத்தோரம் அவள் தம்பியின் விரல்கள் தெரிந்தன. நம்பிராஜன் அவற்றையும் சேர்த்தே எடுத்தான்.