போர்வையின் ஓரம்

பேய்க்குக் கால் வலித்தது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். உதட்டுச் சாயம் கலையாமல் பிஸ்கட்டை விண்டு விண்டு வாய்க்குள் போட்டுக்கொண்டு, "இன்னும் எத்தனை டேக் சார்?" என்று கேமராமேனிடம் கேட்டாள். யூனிட்டில் எல்லாரும் அவளைப் பேயம்மா என்றே கூப்பிட்டார்கள், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். நல்ல பெண். கேமராமேன் டைரக்டர் பக்கம் கையைக் காட்டினார். டைரக்டர் மானிட்டர் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"பயம் வரல சார். அரைச்ச மாவையே அரைச்சிட்டிருக்கோம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. கீழிருந்து ஒரு விளக்கு, பின்னாலிருந்து நீலம், தரையில் புகை. கேமராமேன் சினிமாவுக்கும் சீரியலுக்குமாக இத்தனை வருஷமும் பேய்களுக்கு இதைத்தான் செய்துவந்தார். காதல் படம் ஒன்றுக்கு ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசையோடு வந்தவர். முதல் பேய்ப்படம் ஓடித் தொலைத்தது, அப்புறம் யாரும் அவரை உயிரோடு இருக்கிறவர்களைப் படம் பிடிக்கக் கூப்பிடவில்லை. இப்போது இந்த சீரியலும் படுத்துவிட்டது. சேனலில் முகத்தைச் சுளிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அவர் எழுந்து போய் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். புகையை நிறுத்தச் சொன்னார். செட்டில் கிடந்த கட்டிலை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார். ஜன்னலில் மஞ்சள் திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்கு வெளியே ஒரே ஒரு விளக்கு வைத்தார். அறையில் அழுக்குத் தண்ணீர் மாதிரி ஒரு மத்தியான வெளிச்சம் பரவியது.

"ஐ லைட்டையும் எடுத்துருங்க" என்றார்.

லைட்மேன் தயங்கினார். நடிப்பவரின் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுவதற்காகவே கேமராவை ஒட்டி வைக்கிற சின்ன விளக்கு அது. அந்தப் பொட்டு இருந்தால் முகத்தில் ஆள் இருக்கும். எடுத்துவிட்டால் கண் திறந்திருக்கும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். பேய்க்குக்கூட அதை முழுசாக எடுப்பதில்லை.

"எடுங்க."

பேயம்மாவைப் படுக்கவைத்தார். கண்ணில் போட்டிருந்த வெள்ளை லென்ஸைக் கழற்றச் சொன்னார். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சரிய விடு, வாயை மூடவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். அப்புறம் தானே குனிந்து, போர்வையின் ஓரத்தைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிக் காட்டினார். கிள்ளுவது, விடுவது, கொஞ்சம் தள்ளி மறுபடி கிள்ளுவது. எதையோ பொறுக்குவது போல. "இதை மட்டும் பண்ணிட்டே இரு. வேற எதுவும் வேணாம்."

டேக் முடிந்தது. டீ கொடுக்கிறவர் டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டார். டைரக்டர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். வேலை படிந்து வந்தால் வருகிற சந்தோஷம். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் எதை எடுத்தோம் என்று உறைத்தது.

அந்த ஜன்னல் அவர் வீட்டு ஜன்னல். அந்தக் கட்டில் அவர் மனைவியின் கட்டில். இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு, வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று அவள் கேட்டதால் கட்டிலைத் திருப்பிப் போட்டவர் அவர்தான். போன வாரம்தான் அவள் கை போர்வையைக் கிள்ள ஆரம்பித்திருந்தது. அவளுக்கே தெரியாமல் அது பாட்டுக்குக் கிள்ளியது. மனைவியின் அக்கா அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "எங்கப்பாவும் கடைசில இப்படித்தான் தம்பி பண்ணிட்டிருந்தாரு" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்றிலிருந்து அவருக்கு வேறு எந்தப் பேயும் பேயாகத் தெரியவில்லை.

இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குக் கண் சும்மா இருக்காது. சாவு வீட்டுக்குப் போனாலும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கும். எங்கே பார்த்தாலும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும், எடுத்தோம் என்பதுகூடத் தெரியாது. யாராவது ஒரு பார்வையாளருக்கு இது தெரிந்துவிடும் என்று அவர் பயப்படவில்லை. உலகத்தில் ஒரே ஒருத்தி கண்டுபிடிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எதையும் அவள் பார்க்காமல் விட்டதில்லை. கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். "இன்னிக்கு அந்த மூலைல ஒரு லைட்டு ஜாஸ்தி" என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். படுத்த பிறகும் சாயங்காலம் சீரியல் ஓடுகிற நேரத்துக்கு மட்டும் தலையணையை உயர்த்திக்கொள்வாள்.

அந்தக் காட்சி ஒளிபரப்பாகிற அன்று காலையில், டிவியின் பின்னால் கேபிள் வயரைக் கழற்றி, மாட்டியிருப்பது போலவே வைத்துவிட்டுக் கிளம்பினார். இந்த வயதில் திருட்டுத்தனம். டைரக்டரிடம் அந்த ஷாட்டை வெட்டிவிடச் சொல்லிக் கேட்டும் பார்த்தார். அதையே விளம்பரத்தில் போட்டிருக்கிறோம், என்ன சார் இப்படிக் கேட்கிறீர்கள் என்று அவன் சிரித்தான்.

சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போதே சீரியலின் முடிவு இசை கேட்டது. அக்கா கதவைத் திறந்தாள். முகமெல்லாம் பெருமை.

"டிவி வரலன்னு பாத்தா வயர் கழண்டு கெடந்துச்சு தம்பி. நானே மாட்டிட்டேன். அம்மாடி, என்ன பயம். நான் பாதில கண்ணை மூடிக்கிட்டேன்."

உள்ளே மனைவி படுத்திருந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"லைட் நல்லா இருந்துச்சு" என்றாள்.

அவ்வளவுதான். ஆனால் அவர் கட்டிலை நெருங்கியபோது அவள் வலது கை மெதுவாகப் போர்வைக்குள் போனது. அன்றிலிருந்து அவர் அறைக்குள் வரும்போதெல்லாம் அது உள்ளே போனது. மருந்து கொடுக்கும்போது இடது கையை நீட்டினாள். அக்கா நெற்றியைத் துடைக்கும்போது வெளியே கிடக்கும் கை, அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் பதுங்கிக்கொள்ளும். பேய்களை எத்தனையோ விதமாக ஒளித்து வைத்திருக்கிறோம், இப்படி ஒன்றும் நம்மைப் பார்த்து ஒளிந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார். செட்டிலோ ஒரே கொண்டாட்டம். அந்தக் கை ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. சேனலில் கேக் அனுப்பியிருந்தார்கள். "எங்க சார் பிடிச்சீங்க அந்தக் கையை?" என்று பேயம்மா வாய் நிறைய கேக்கோடு கேட்டாள். பழைய படம் ஒன்றில் பார்த்தேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கடைக்குப் போயிருந்தாள்.

"உக்காருங்க" என்றாள் மனைவி. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அந்தக் கை என்னுதுதானே?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "ஆமா" என்றார்.

"அந்தப் பொண்ணு நல்லாதான் பண்ணிருக்கா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அக்கா டிவியைப் பாத்துக் கண்ணை மூடிக்கிறா. நான் இங்க பக்கத்துலயே கெடக்கேன். சிரிப்பு வந்துச்சு எனக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னைப் பாத்தா பயமா இருக்கா உங்களுக்கு?"

"உன்னைப் பாத்து இல்ல. நீ போயிருவியோன்னு."

"அதுக்கு எதுக்குங்க என்னைப் பேயாக்கினீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. அடுப்பை ஏன் அணைக்கவில்லை என்று கேட்பது போலக் கேட்டாள். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். அவள் தடுக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் கையை நீட்டியிருப்பாள். கை போர்வைக்குள்ளேயே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒரு தடவை லைட் போடுங்க" என்றாள். "ஹீரோயினுக்குப் போடுவாங்களே, அந்த மாதிரி. போட்டோ எடுத்து வைங்க. கடைசியா நான் அந்தப் பேய் மாதிரியா இருக்கணும்?"

மறுநாள் ஷூட்டிங்குக்கு மத்தியானத்தோடு லீவு சொல்லிவிட்டு, யூனிட்டின் ஸ்டோர் ரூமிலிருந்து இரண்டு விளக்கும் ஒரு நல்ல கேமராவும் எடுத்து வந்தார். கட்டிலை ஜன்னலைப் பார்த்துத் திருப்பினார். மஞ்சள் திரையைக் கழற்றிவிட்டு அவளுடைய பழைய வெள்ளைப் புடவையை ஜன்னலில் கட்டினார். ஒரு விளக்கை நேராக முகத்தில் விடாமல் சுவரில் அடித்து, திரும்பி வருகிற வெளிச்சம் கன்னத்தின் குழியை நிரப்பும்வரை நகர்த்தி நகர்த்தி வைத்தார். காதல் படத்துக்கென்று எப்போதோ யோசித்து வைத்திருந்ததெல்லாம் கைக்கு ஞாபகம் இருந்தது. அக்கா தலை வாரி விட்டாள். வெளிச்சம் குத்துகிறதா என்று கேட்டதற்கு மனைவி இல்லை என்றாள். குத்தியிருக்கும்.

கடைசியாக, உள்ளங்கை அளவு விளக்கைக் கேமராவை ஒட்டி வைத்துப் போட்டார். இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு பொட்டு விழுந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் காபியோடு வந்து நின்றவள் அங்கே இருந்தாள்.

"விழுந்துச்சா?"

"விழுந்துருச்சு."

"எதுவரைக்கும் தெரியுது?"

"தோள் வரைக்கும்."

"கை வராதே?"

"வராது."

அவள் நேராக லென்ஸைப் பார்த்துச் சிரித்தாள். அவர் கண்ணைக் கேமராவில் வைத்து ஃபோகஸைத் திருப்பினார். முகம் அப்படியே தெளிந்து வந்தது. கண்ணில் பொட்டு அசையாமல் நின்றது. ஃப்ரேமின் அடியில், அவள் தோளில் கிடந்த போர்வையின் ஓரம் மட்டும் கொஞ்சம் இறங்கியது, நின்றது, மறுபடி கொஞ்சம் இறங்கியது, உள்ளே யாரோ பிடித்துக் கிள்ளிக் கிள்ளி இழுப்பது போல. அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.