வாசலுக்கு ஜாகா

அன்று சாயங்காலம் மலாக்காவில், காஜா பெராங் கொட்டகையில் இருந்தவர்கள்: மேடையில் வேட்பாளர் கலியாணசுந்தரம் செட்டி, பக்கத்தில் அவர் பேச்சைத் தமிழில் சொல்ல தேவதாஸ், முன் வரிசையில், நாற்காலிகளை இரவல் கொடுத்த சாப்பாட்டுக்கடை ஹனீபா, பெண்கள் பக்கம் தேவதாஸின் அண்ணி ருக்மணி, அவர்களைச் சுற்றி ரோட்டு வேலைக்காரர்களும் முனிசிபல் ஆட்களும், பின்னால் தூணில் சாய்ந்தபடி, சீருடை போடாத ஒரு போலீஸ்காரர். ருக்மணியின் கணவன் ஜெயபாலன் வரவில்லை. அவன் தடுப்பு முகாமில் இருந்தான்.

சுதந்திரம் வந்துவிட்டது. அவசரகாலச் சட்டம் இன்னும் போகவில்லை. தோட்டத்தில் சங்கம் கட்டிய ஜெயபாலனை ஒரு காலை சட்டையைக்கூட மாட்டவிடாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழக்கும் கிடையாது, விசாரணையும் கிடையாது. ஊரில் மதிப்புள்ள ஒருவர் ஜாமீன் நின்றால் விடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று இப்போது சொல்லியிருந்தார்கள்.

தேவதாஸுக்குத் தெரிந்த ஒரே மதிப்புள்ளவர் கலியாணசுந்தரம். வக்கீல். மலாக்கா செட்டிகளில் ஒருவர். வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் இருக்காது. தமிழ் ஓட்டுக்கு ஒரு தமிழ் வாய் வேண்டியிருந்தது. துணிக்கடையில் மலாய்க்காரர்களோடு பேசிப் பழகிய தேவதாஸைக் கூப்பிட்டார். அவன் ஜாமீன் விஷயத்தைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதலில் என் பேச்சை உள்ளது உள்ளபடி சொல். மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றார் மலாயில். அவ்வளவுதான்.

உள்ளது உள்ளபடி சொல்வது லேசான வேலையாக இல்லை. இரண்டு பக்கமும் நட்பு என்று சொல்லிக்கொண்டு நடுவில் நிற்பது சின்ன நாட்டுக்குக் கட்டாது என்றார் அவர். சிவப்புச் சீனாவை அங்கீகரிக்கக் கூடாது என்றார். தேவதாஸ் சொன்னான். பிறகு தடுப்புச் சட்டத்துக்கு வந்தார். காட்டில் கம்யூனிஸ்டுகள் கையில் துப்பாக்கி இருக்கிறவரை அந்தச் சட்டம் இருக்கத்தான் வேண்டும். அதை எடுக்கச் சொல்கிறவனுக்கு நாட்டைப் பற்றிக் கவலையில்லை.

ருக்மணி மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். தேவதாஸ் அவளைப் பார்த்தான். ஒரு வார்த்தையை முழுங்கினால் இந்த மனிதருக்குத் தெரியப்போவதில்லை.

"விசாரணை இல்லாத காவல் இருக்கணும்னு ஐயா சொல்றாரு" என்றான். "காவலை எடுக்கச் சொல்றவனுக்கு நாட்டு மேல அக்கறை இல்லையாம்."

ருக்மணி தலையைக் குனிந்துகொண்டாள். அவளையே பார்த்திருந்ததில் அடுத்ததை அவன் சரியாகக் கேட்கவில்லை. பிரிட்டனோடு செய்த பாதுகாப்பு உடன்படிக்கையைப் பற்றியது அது. சுங்கை ஊடாங் பக்கம் பட்டாள முகாம் எழும்பிக்கொண்டிருந்த நேரம். வக்கீல் கையை உயர்த்தி, "தெந்தெரா பிரிட்டிஷ் ஜாகா பிந்து கித்தா!" என்றார். பிரிட்டிஷ் படை நம் கதவைக் காக்கிறது என்று அர்த்தம்.

தேவதாஸ் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: "வெள்ளைக்காரப் பட்டாளம் நம்ம வாசலுக்கு ஜாகா!"

மலாயில் ஜாகா என்றால் காப்பது. மலாக்கா தமிழன் வாயில் ஜாகா என்றால் ஆள்; இருட்டினதும் கடை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு, கம்பைப் பக்கத்தில் வைத்துப் படுக்கிற காவல்காரன்.

"அப்போ துரைக்குக் கட்டில் நம்ம செலவா லா?" என்றார் ஹனீபா.

கூட்டம் வெடித்தது. "தூங்குனா வேலைய விட்டு நிப்பாட்டு!" "துரை, கேட்டைத் திற, நான் வந்துட்டேன்னு சொல்லிப் பாக்கணும்யா!" ஒரு காலத்தில் தோட்டத்தில் துரைக்கு முன்னால் குடையை மடக்கி நின்றவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். தூணில் சாய்ந்திருந்த போலீஸ்காரரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை. அண்ணன் ஜாமீன் போச்சு என்று தேவதாஸ் நினைத்தான்.

கூட்டம் கலைந்ததும் வக்கீல் அவனைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "எதற்குச் சிரித்தார்கள்?"

பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. ஜாகாவைச் சொன்னான், கயிற்றுக் கட்டிலையும் சொன்னான். அவர் காதோரம் சிவந்தது.

"தப்பில்லை" என்றார் கடைசியில். "வீட்டுக்காரன் போ என்றால் ஜாகா போகவேண்டும். உடன்படிக்கையை நான் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். அடுத்த கூட்டம் புக்கிட் ரம்பாயில், அங்கேயும் அதையே சொல். கட்டிலை மட்டும் விட்டுவிடு."

ஜாமீன் பேச்சு வரவில்லையே என்று தேவதாஸ் நகராமல் நின்றான்.

"உன் தமிழ் எனக்குப் புரியாது, தாஸ். ஆனால் காவல் புரியும். அது எங்கள் பேச்சிலும் இருக்கிறது, காவால் என்போம். அது எப்போது வரும் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். அண்ணன் பெண்சாதி எதிரில் உட்கார்ந்திருக்க, நீ அதை முழுங்கவில்லை." கார்க் கதவைத் திறந்தார். "காலையில் ஆபீசுக்கு வா. ஜாமீன் நிற்கிறேன். உன் அண்ணன் செய்தது தப்பு என்றுதான் இப்போதும் சொல்வேன். மறுபடி செய்தால் நானே போலீசைக் கூப்பிடுவேன். அதையும் உள்ளது உள்ளபடி அவனிடம் சொல்."

"சொல்கிறேன் ஐயா" என்றான் தேவதாஸ் மலாயில். குனிந்து, வண்டி போகிறவரை நின்றான். அவர் பேச்சில் பாதி அவனுக்கு ஒப்பவில்லை. தேர்தல் முடிந்தும் ஒப்பவில்லை. ஆனால் அவர் பேரை யாராவது இளப்பமாகச் சொன்னால் அந்த இடத்தில் அவன் நிற்பதில்லை.

ஜெயபாலன் வந்தது ஒரு மாலை, வக்கீலின் காரிலேயே. இளைத்திருந்தான். பொழுது சாய்ந்தால் விடிகிறவரை வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்பது நிபந்தனை. ருக்மணி அவன் கைப்பையை வாங்கிக்கொண்டாள். ஓட்டுநரை நிறுத்தி, வாழை இலையில் கட்டிய பொட்டலத்தை நீட்டினாள்.

"ஐயாகிட்ட குடுங்க. ருக்மணி குடுத்தான்னு சொல்லுங்க. கையெடுத்துக் கும்பிட்டான்னு சொல்லுங்க."

கோயில் மணி அடித்தது. ஜெயபாலன் வாசற்படியில் நின்று தெருவை ஒரு தடவை பார்த்தான்.

"உள்ள போங்க, நேரமாச்சு" என்றாள்.

"எனக்கு ஜாகா யாரு, நீயா?"

"ஆமா. கட்டில் கேக்காத ஜாகா. போங்க."

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அவளும் போனாள். வெளியே நின்ற தேவதாஸின் முகத்துக்கு நேரே கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு பூட்டு.